சுருள் பூச்சியின் சொந்தபந்தம்

கடமலைக்குண்டில் கடலை போடுகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் சுருள் பூச்சியைத் தெரியும் என்பார். பருத்தி போட்டவருக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு தெரியும். தக்காளிக்காரருக்கு ஊசிப்புழு, கத்தரிக்காரருக்கு மொட்டைக் குடைகிற புழு. வீட்டில் சோளமோ நெல்லோ மூட்டை கட்டி வைத்தவர்களுக்கு அந்துப்பூச்சி. இந்த ஐந்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பூச்சியியலில் அந்தக் குடும்பத்துக்கு ஜெலிக்கியிடே என்று பெயர். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை மட்டும் 4,500 இனங்களுக்கு மேல். பெரும்பாலானவை சிறகை முழுக்க விரித்தாலும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. நிறம் மண், சாம்பல், சருகு. மழைக்கு முந்திய மாலைகளில் வாசல் விளக்கைச் சுற்றி விழுந்து, காலையில் துடைப்பத்தோடு போவதில் இவையும் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும்: முகத்தின் இரு பக்கமும் இரண்டு உணர் உறுப்புகள் கிடாக்கொம்பு மாதிரி வளைந்து தலைக்கு மேலே எழுந்து நிற்கும். பின்சிறகு நுனியில் கூர்ந்து முடியும். ஓரமெல்லாம் நீள மயிர். சில இனங்கள் இலைமேல் வந்து உட்கார்ந்ததும் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். எதற்குச் சுற்றுகிறது என்று வேடிக்கை பார்த்த பிள்ளையை “போய்ப் படி” என்று விரட்டிய பெரியவர்கள்தான் நாம்.

நாம் என்று எழுதுவதில் விவசாயி, மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், மேகமலைக்குக் காமிராவோடு போகிறவர், பத்திரிகையில் எழுதுகிறவர் எல்லோரும் அடக்கம். ஆளுக்கொரு பங்கு இருக்கிறது.

கடலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்தப் பக்கம் மானாவாரிக் கடலை வானத்தைப் பார்த்து நிற்கிற பயிர். மழை இரண்டு வாரம் தள்ளிப் போனால் சுருள் பூச்சிக்குக் கொண்டாட்டம். தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் புகுந்து பச்சையத்தைத் தின்னும். ஐந்தாறு நாள் அங்கேதான் வாசம். அந்த நாட்களில் வெளியே தெரிவது சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி மட்டும். குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். புழு வளர்ந்து இடம் போதாமல் போனதும் வெளியே வந்து, இலையை மடித்தோ இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து நூலால் தைத்தோ உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கூட்டுப்புழு ஆவதும் அதற்குள்தான். முட்டையிலிருந்து மறுபடி பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு கடலைப் போகத்துக்குள் இப்படிப் பல தலைமுறை வந்துவிடும்.

நாம் பார்ப்பது எப்போது? வரப்பில் நின்று பார்த்து, காடு தீய்ந்த மாதிரி தெரியும்போது. அப்போது புழுவில் பாதி சுருளுக்குள் பத்திரமாக இருக்கும். மீதி கூடு கட்டியிருக்கும். அன்றைக்குத்தான் மருந்துக்கடைக்கு ஓடுவோம்.

“அண்ணே, கடலையில சுருளு விழுந்துருச்சு. நல்ல மருந்தாக் குடுங்க.”

“எத்தனை ஏக்கர் தம்பி?”

இந்தப் பேச்சில் பயிருக்கு எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. புழு இலைக்குள் இருக்கிறதா, சுருளுக்குள் இருக்கிறதா, கூடு கட்டிவிட்டதா என்ற கேள்வியே எழாது. மேலே பட்டால் சாகிற மருந்து, தோலுக்கு நடுவில் இருக்கும் புழுவைத் தொடாது. ஆனால் இலைமேல் நடமாடும் சின்னக் குளவிகளைத் தொடும். சுருளுக்குள் இருக்கும் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடம்பில் முட்டையிட்டுக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. கூலி கேட்காமல் வேலை செய்தவர்களைக் கொன்றுவிட்டு, அடுத்த தலைமுறைப் பூச்சிக்கு வழி திறந்துவிட்டு, “போன வருஷ மருந்து இந்த வருஷம் கேக்கல” என்று பேசிக்கொள்கிறோம்.

கடலை நாலு வரிசைக்கு ஒரு வரிசை கம்பு போடு, ஒட்டுண்ணி பெருகும், சுருள் குறையும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நம் அப்பன் பாட்டன் காலத்தில் கடலைக்குள் கம்பு, துவரை, தட்டைப்பயறு எல்லாம் கலந்தே கிடந்தன. அவர்கள் ஒட்டுண்ணியைக் கணக்கில் வைத்து விதைத்தார்கள் என்று புளுக வேண்டாம். ஒன்று போனாலும் ஒன்று வீடு வரட்டும் என்றுதான் கலந்து விதைத்தார்கள். நாம் டிராக்டருக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து ஒற்றைப் பயிருக்கு மாறினோம். அதில்கூடப் பெரிய குற்றம் சொல்ல முடியாது. மாறியபின் பூச்சியின் போக்கும் மாறியிருக்குமே என்று ஒருநாளாவது இலையைத் திருப்பிப் பார்க்காமல் இருந்ததுதான் நம் கணக்கில் வரும்.

இதே பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். எட்வர்ட் மேரிக், மார்ல்பரோ பள்ளியில் வாத்தியார். 1854இல் பிறந்து 1938 வரை இருந்தார். பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் சிறு அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். 14,000 இனங்களுக்கு மேல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1905 முதல் இந்தியச் சிறுபூச்சிகளைத் தொடர்ந்து விவரித்தார். நம் கடலைச் சுருள் பூச்சிக்கு 1906இல் அவர் ஒரு பெயர் சூட்டினார். ஜாவாவில் வேறொருவர் இரண்டு வருடம் முந்திக்கொண்டிருந்ததால் இன்று அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. கத்தரி மொட்டுப்புழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அவர் எழுத்தைப் புரட்டினால் பழனிமலை என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். கேம்ப்பெல் என்பவர் அங்கே பூச்சிகளைப் பிடித்துக் கப்பலில் அனுப்பினார். பழனிமலை என்பது கொடைக்கானல் மலைதான்; நமக்கு எட்டிப் பார்க்கிற தூரம். அந்தப் பூச்சிகளின் மூல மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி நிற்கின்றன.

வெள்ளைக்காரன் செய்தான், நாம் செய்யவில்லை என்று புலம்புவதும் ஒரு சோம்பேறித்தனம்தான். ஏனென்றால் நம்மவர்களும் செய்தார்கள். மதராஸ் மாகாணப் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார் என்றால், நம்மவர் டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியாவுக்கான பூச்சியியல் கையேட்டை எழுதினார். ஊர் ஊராக வயலில் இறங்கிய மனிதர்களின் வேலை அது. ஃபிளெட்சர் பெயராவது வெளிநாட்டுக் கட்டுரைகளில் வருகிறது. ஐயர் பெயரை நம் பள்ளிக்கூடங்களில் எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை. புலவர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைப்பதில் சளைக்காத நமக்கு, பூச்சி பார்த்த ஆளை நினைக்க நேரமில்லை.

பருத்தியில் நாம் செய்தது இதைவிட மோசம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அறிவியலுக்கு அறிமுகமானதே இந்தியாவிலிருந்துதான்: குஜராத்தின் பரூச்சில் பருத்தியை நாசம் செய்த பூச்சியை அங்கிருந்து அனுப்பி வைக்க, 1843இல் சாண்டர்ஸ் என்பவர் அதை விவரித்தார். பொரிந்த புழு காய்க்குள் நுழைந்ததும் நுழைந்த ஓட்டை ஆறிப்போகும். வெளியே பார்த்தால் காய் நன்றாக இருக்கும். உள்ளே விதை போய்க்கொண்டிருக்கும். காலம் சரியில்லை என்றால் இரண்டு விதையைச் சேர்த்து ஒட்டி நடுவில் மாதக்கணக்கில் உறங்கும். பருத்தி எடுத்து முடிந்தபின் மாரைப் பிடுங்கி அடுப்புக்கென்று வீட்டோரம் அடுக்கி வைக்கிறோமே, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெடிக்காத காய்க்குள் அடுத்த வருடத்துப் பூச்சி உறங்கிக்கொண்டிருக்கும். ஆண்டிபட்டி வட்டாரத்தில் பருத்தி போட்ட வீடுகளுக்கு இது புதுச் செய்தி இல்லை. மாரை எரித்துவிட வேண்டும் என்று சொன்ன அலுவலரிடம் “அப்ப அடுப்புக்கு என்ன செய்ய?” என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதற்கு அவரிடமும் பதில் இல்லை. பேச்சு அத்தோடு நின்றது.

2002இல், புழுவுக்கான நஞ்சைச் செடியே உண்டாக்குகிற பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. விதைப் பையில் 450 கிராம் பி.டி. விதையோடு, 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வந்தது. வயலைச் சுற்றி அதை ஊன்ற வேண்டும். காரணம் எளிது. பி.டி. நஞ்சைத் தின்றும் சாகாத பூச்சி லட்சத்தில் ஒன்றிரண்டு பிழைத்திருக்கும். அவை தங்களுக்குள் இணை சேர்ந்தால் பிறப்பதெல்லாம் நஞ்சுக்கு அசையாதவை. பக்கத்தில் சாதாரணப் பருத்தியில் வளர்ந்த பூச்சிகள் ஏராளமாக இருந்தால் அவற்றோடு கலந்து, பிறக்கும் புழு மறுபடி நஞ்சுக்குச் சாகும். அந்தப் பொட்டலம் இதற்கான காப்பீடு. நாம் அதை என்ன செய்தோம்? பெரும்பாலோர் ஊன்றவில்லை. புழு தின்பதற்கென்று ஒருவன் நிலத்தை விடுவானா என்று சிரித்தோம். எதற்கு என்று கடையில் யாரும் விளக்கினார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டோம் என்றும் சொல்ல முடியாது.

2010இல் குஜராத்தின் சில மாவட்டங்களில் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யை வென்றுவிட்டது என்ற செய்தி வந்தது. இரண்டு மரபணு வைத்த அடுத்த தலைமுறை விதையும் சில வருடங்களில் அதே கதிக்குப் போனது. அமெரிக்காவின் தென்மேற்கில் இதே பூச்சிக்கு இதே தொழில்நுட்பத்தைக் கையாண்டார்கள். சாதாரணப் பருத்தியைச் சட்டப்படி ஒதுக்கினார்கள். பிறகு மலட்டுப் பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். மாரை உழுது புதைத்தார்கள். 2018இல் அந்தப் பூச்சி அங்கே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அவர்களுடைய பண்ணை வேறு, நம்முடைய இரண்டு ஏக்கர் வேறு என்பது உண்மைதான். அதற்காக அந்த 120 கிராம் நம் கைக்கு வரவில்லை என்று ஆகிவிடாது.

தக்காளி ஊசிப்புழுவின் ஊர் பெரு. ஆந்தீஸ் மலையில் உவான்காயோவில் கிடைத்த பூச்சிக்கு 1917இல் பெயர் வைத்தது அதே மேரிக் வாத்தியார். 2006இல் ஸ்பெயினில் கால் வைத்து, மத்தியதரைக்கடல் நாடுகளைச் சுற்றி, 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. இலையில் கண்ணாடி மாதிரி வெளுத்த திட்டு, காயில் ஊசி குத்திய ஓட்டை. ஓட்டை விழுந்த பெட்டியை மார்க்கெட்டில் தொடமாட்டார்கள். கழித்த பழத்தைக் கொண்டுவந்து ஓடையோரமோ வரப்பிலோ கொட்டுவோம். அதிலிருந்து பூச்சி வெளியே வந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொட்டியது நமக்கு வரும். இந்த அந்நியப் பூச்சியைத் தின்ன உள்ளூரிலேயே ஒரு ஆள் இருக்கிறது: நெசிடியோகோரிஸ் என்கிற, கொசு அளவே இருக்கும் பச்சை நாவாய்ப்பூச்சி. முட்டையையும் இளம் புழுவையும் உறிஞ்சித் தீர்க்கும். இரை இல்லாவிட்டால் தக்காளித் தண்டையும் கொஞ்சம் குத்தும். அந்தக் கொஞ்சம் நம் கண்ணில் பட்டது. தின்ற முட்டைகள் படவில்லை. அதற்கும் சேர்த்தே மருந்தடித்தோம்.

அந்துப்பூச்சி விஷயத்தில் நம் பாட்டிமார்கள் பரவாயில்லை. தானியத்தைக் கடித்துப் பார்த்து ‘கடுக்’கென்று உடையும்வரை காயவைத்தார்கள், நொச்சி இலையைப் போட்டார்கள், குதிரின் வாயை மண் குழைத்துப் பூசினார்கள். ஒரு மணிக்குள் ஒரு புழு என்று வளர்ந்து, வட்டமாக ஒரு சன்னல் வெட்டி வெளியேறும் பூச்சி அது. பிரான்சில் இதே பூச்சி ஒரு மாநிலத்துத் தானியத்தையே அழித்தபோது, 1760இல் அறிவியல் கழகத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பி, அவர்கள் கண்டதை 1762இல் புத்தகமாகவே போட்டார்கள். நம் பாட்டிமார்கள் கண்டதை யாரும் எழுதிவைக்கவில்லை. ரேஷன் அரிசி வந்து குதிர் போனதும் அந்த அறிவும் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இனி, பயிரோடு சம்பந்தமே இல்லாமல் பூச்சிமேல் பிரியம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபோது மகிழ்ந்தோம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தபோது பெருமைப்பட்டோம்; வருசநாட்டு மலை, மூல வைகை பிறக்கிற காடு காப்பாற்றப்படும் என்று எழுதினோம். எழுதியதில் புலி, யானை, இருவாச்சி, சிங்கவால் குரங்கு எல்லாம் வந்தன. இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்க்கிற பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் துணியில் நிலா அந்து வந்து உட்கார்ந்தால் பத்துக் காமிரா திரும்பும். அதன் சிறகடியில் சிதறுகிற நூறு சிறுசுகளைத் துணியை மடிக்கும்போது உதறிவிடுவோம். யாராவது பொறுமையாகப் படமெடுத்தாலும் அது ‘மைக்ரோ’ என்ற கோப்புறைக்குள் போகும். அந்தக் கோப்புறையை யாரும் திறப்பதில்லை. இந்தக் குடும்பத்தில் பெரும்பகுதி எந்தப் பயிரையும் தொடாதது. சருகு, புல், காட்டுச்செடி விதை, மரத்து இலை என்று பிழைப்பது. பல்லிக்கும் தவளைக்கும் வௌவாலுக்கும் இரையாவது. அவற்றைப் பற்றி நம்மிடம் ஒரு வரி கிடையாது. தொல்லை கொடுத்தவை மட்டும் நம் ஏட்டில் ஏறியிருக்கின்றன. அதுவும் பெரும்பாலும் மருந்துச் சீட்டில்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உருமாற்றம் நடத்தும்போது பட்டாம்பூச்சியும் பட்டுப்புழுவும் போதும் என்று நிறுத்திவிடுகிறோம். பள்ளிக்கு வெளியே கடலைக்காட்டில் முட்டை, புழு, கூடு, பூச்சி நான்கும் ஒரே செடியில் ஒரே நாளில் கிடைக்கும். பிள்ளைகள் அந்தக் காட்டிலிருந்துதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும் தென்மாவட்டங்களில் பொக்லைன் இறங்கியது. கண்மாய்க்குள் இறங்கினோம், படம் எடுத்தோம், வேரோடு பிடுங்கினோம். மழை பெய்ததும் மறுபடி முளைத்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் பில்பரா என்ற வறண்ட பகுதியில் இதே மரத்தின் உறவுக்கூட்டம் பெருங்காடாகப் பரவிக் கிடக்கிறது. அங்கே 1998இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். எவிப்பே என்கிற பேரினம். சீமைக்கருவேலத்தின் சிற்றிலைகளை நூலால் சேர்த்துக் கட்டி உள்ளிருந்து தின்னும். மரம் இலை உதிர்ந்து, வளர்ச்சி குன்றி, காய்ப்பு குறைந்து போகிறது. அந்தப் பூச்சி எந்தக் குடும்பம் என்று பார்த்தால் ஜெலிக்கியிடே. சுருள் பூச்சிக்குச் சொந்தம். கடலையில் இது செய்கிற அதே வேலையை அது சீமைக்கருவேலத்தில் செய்கிறது.

நாளைக்கே அதை இறக்கு என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு நம் வன்னி மரம். கோயில் கோயிலாக நிற்கிற வன்னியை அந்தப் பூச்சி தொடுமா என்று பூட்டிய அறைக்குள் வைத்து வருடக்கணக்கில் சோதிக்காமல் ஒரு முட்டையைக்கூட ஊருக்குள் விடக் கூடாது. இங்குள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் அதை விட்டுவைக்குமா என்பதும் தனிக் கேள்வி. சுருள் பூச்சியைத் தேடித் தின்கிறவை அதன் சொந்தக்காரனையும் தின்னக்கூடும். இதற்கெல்லாம் முன்னால் இங்கே இந்தக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தச் செடியில், எந்த மாதத்தில் என்ற பட்டியல் வேண்டும். கருவேலங்காட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற நாம் அந்த மரத்தின் இலையை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. சீமைக்கருவேல இலையைத் தின்கிறது எது என்று கேட்டால், யோசிக்காமல் ஆடு என்போம். ஆடு தின்பது காயை. இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆடு மேய்க்கிறவருக்கு அது தெரியும்.